கம்பெனி தொறந்து ஓடுதுங்க, ஆளுங்களுக்குத்தான் தூக்கமே இல்ல. என்ன பண்ணலாம்?

லைன்சூப்பர்வைசர் | திருப்பூர் | ஜூலை 2021

எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் இங்க ஒரு பனியன் கம்பெனில லைன் பாத்துக்கறனுங்க. மே 10ந் தேதி லாக்டவுன் போட்டாங்க, 24ல இருந்து அதையே இன்னும் இறுக்குனாங்க, அப்பறம் மத்த ஜில்லாவுக்கெல்லாம் தளர்வு குடுத்தும் கோயமுத்தூர் திருப்பூர் ஈரோடு கரூர் நாமக்கல்னு நம்ம பக்கத்துக்கு மட்டும் லேட்டாத்தான் வந்துச்சு, ஒருவழியா இந்த மாசந்தான் கம்பெனி முழுசா ஓடுதுங்க. ஆர்டர் இருக்குது, நூலும் வந்துருச்சு, ஆளும் பாதிக்கு மேல வந்துட்டாங்க.

ஆனா வந்த ஆளுங்க பழைய ஆளுங்களா இல்லீங்க. ஓவர்லாக்ல ஒரு அக்கா, கை பழகுன கை, கண்ண மூடிட்டு தைக்கும், அந்தக்கா நடுவுல மெசின நிறுத்திட்டு சும்மா பீஸையே பாத்துட்டு உக்காந்துருக்குது. கூப்ட்டா திடுக்குன்னு முழிக்குது. செக்கிங்ல ஒரு புள்ள, விரல்ல மாட்டி ஆக்சிஜன் பாக்கற மெசின சோத்துப் பையிலயே வெச்சிருக்கு, அரை மணிக்கு ஒருக்கா பாத்ரூம் போயி பாத்துட்டு வருதாம், நம்பர் கொஞ்சம் கொறஞ்சாலும் கை காலெல்லாம் நடுங்குது. அயர்ன் பண்றவரு நைட்டெல்லாம் தூங்கறதே இல்லைன்னு சொல்றாரு, அந்தச் சூட்டுல நின்னுட்டே கண்ணு சொருகுது, எனக்கு அதப் பாத்தாத்தான் பயமா இருக்குதுங்க.

எங்க கட்டிங் மாஸ்டர் மே மாசம் போயிட்டாருங்க. ஆஸ்பத்திரில இருந்து பாலித்தீன்ல சுத்தி நேரா மின்மயானத்துக்கு. மூஞ்சி பாத்தவங்க யாருமில்ல. இந்த யூனிட் ஆரம்பிச்ச காலத்துல இருந்து இருந்தவரு, பாதிப் பேருக்கு அவருதான் தொழில் சொல்லிக் குடுத்தது. துக்கம் விசாரிக்கக்கூட யாரும் போகல, போகவும் விடல. இப்ப புதுசா ஒரு மாஸ்டர் வந்து அதே டேபிள்ல நிக்கறாரு, எங்க ஆளுங்க அந்தப் பக்கம் போறதுக்கே சுத்திட்டுப் போறாங்க.

மொதலாளி மோசமான ஆளெல்லாம் இல்லீங்க. போன வருச லாக்டவுன்லயும் அரிசி பருப்பு குடுத்தாரு. அவரு சொல்றது, "வெளியில இருந்து யாராச்சு ஒருத்தர கூட்டிட்டு வந்து ஒரு மணி நேரம் நல்லா தைரியம் சொல்லச் சொல்லலாம், அப்பறம் எல்லாம் சரியாப் போயிரும், ஷிப்மெண்ட் தேதி நெருங்குது"ன்னு. அது ஆகுமாங்க? இல்ல வேற ஏதாச்சு பண்ணனுமா? மனசு டாக்டர்கிட்ட போலாம்னு லேசா சொன்னாலே "என்ன பைத்தியம்னு நெனச்சீங்களா"ன்னு சண்டைக்கு வர்றாங்க. அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.


ஓவர்லாக்அக்கா | காங்கேயம் பக்கம், இப்ப அனுப்பர்பாளையம்

தம்பி, அந்த மெசின நிறுத்திட்டு உக்காந்துருக்கற அக்கா என்ன நெனைக்குதுன்னு நான் சொல்றேன். நோயப் பத்தி இல்ல. சனிக்கெழமையப் பத்தி.

வாரச் சம்பளம் வாங்கற ஜனத்துக்கு ரெண்டு மாசம் சனிக்கெழமையே வரலைன்னா என்ன ஆகும்னு மாசச் சம்பளக்காரங்களுக்கு புரியாது. லைன் வீட்டு வாடகை நிக்குது, கரண்ட்டு பில்லு நிக்குது, மளிகைக்கடை அண்ணன் ஒன்னுஞ் சொல்லல, ஆனா நோட்டுல எழுதறப்ப முன்னால மாதிரி மூஞ்சி பாத்து பேசறதில்ல. குழுக்கடன்காரங்க லாக்டவுன்லயும் போன் பண்ணி "நீங்க கட்டலைன்னா குழுவுல மத்தவங்க உங்குளுக்கும் சேத்து கட்டணும்"னு சொல்றாங்க. அதாவது என்ற கடனுக்கு என்ற பக்கத்து ஊட்டுக்காரியே என்னக் கேக்கணும். போன வருசமாச்சு மார்ச்சுல இருந்து ஆகஸ்ட்டு வரைக்கும் தவணை தள்ளி வெச்சாங்க, அதுக்கும் வட்டி ஏறிட்டுத்தான் இருந்துச்சு, இந்த வருசம் எல்லாருக்கும் பொதுவா அதுவும் இல்ல. இதுக்கு நடுவுல ரெண்டு கொழந்தைக்கு ஒரு போனு, அதுல ஆன்லைன் கிளாஸ், ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல கிளாஸ்.

பொழுதோட வேலை முடிஞ்சு ஊட்டுக்குப் போனா ஒரே ரூம்பு. அழுவணும்னாலும் எடம் வேணுமில்ல? பாத்ரூமும் நாலு ஊட்டுக்குப் பொது. அதனாலதான் மெசின்ல உக்காந்து அழுவறாங்க, அங்கதான் மெசின் சத்தத்துல யாருக்கும் கேக்காது.

இன்னொன்னு. முன்னால மத்தியானம் பத்துப் பதினஞ்சு பேரு வட்டமா உக்காருவோம், ஒருத்தர் கொழம்பு ஒருத்தர் பொரியல்னு மாத்திப்போம், அங்கதான் எல்லாக் கதையும் வெளிய வரும், மாமியார் கதை, புருசங்காரன் கதை, கடன் கதை எல்லாம். இப்ப தள்ளித் தள்ளி உக்காரு, பேசாத, பத்து நிமிசத்துல சாப்ட்டு எந்திரின்னு வெச்சிருக்காங்க. நோய்க்கு அது தேவைதான், நான் இல்லைங்கல. ஆனா எங்களுக்கு இருந்த ஒரே ஆஸ்பத்திரி அதுதான், அத மூடிட்டு ஒரு மணி நேரம் கோட்டு போட்டவரு வந்து தைரியம் சொன்னா என்ன ஆகும்? அந்த ஒரு மணி நேரமும் பீஸ்ரேட்ல (தைச்ச பீஸுக்குத்தான் கூலி) எங்குளுக்கு நட்டம், அதையும் சொல்லிடறேன்.

கிளாஸ் வேண்டாம் தம்பி. வெளிய வேப்பமரத்தடில தள்ளித் தள்ளியாச்சு உக்கார வெச்சு சாப்பாட்டு நேரத்த கொஞ்சம் எச்சா குடுக்கச் சொல்லு. கட்டிங் மாஸ்டருக்கு ஒரு படம் வெச்சு எல்லாரும் ஒருக்கா கும்பிட விடுங்க. எங்க ஜனம் துக்கத்த தனியா அழுது பழகினது இல்ல.


வார்டுநர்ஸ் | ஈரோடு மாவட்டம்

அக்கா சொன்னது நூத்துக்கு நூறு சரி. நான் அரசு ஆஸ்பத்திரில மனநலப் பிரிவுல வேலை பாக்கறேன், மே ஜூன்ல கோவிட் வார்டுலயும் போட்டாங்க. கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்குங்க.

மொதல்ல அந்த செக்கிங் புள்ள. இது இப்ப நாங்க நெம்ப பாக்கறது. திடீர்னு நெஞ்சு படபடன்னு அடிக்கும், மூச்சு முட்டும், வேர்க்கும், விரல் நுனி மரத்துப்போகும், இப்பவே செத்துருவோம்னு தோணும், சில நிமிசத்துல உச்சத்துக்குப் போயி அப்பறம் தானா எறங்கும். பயத்துல வேகவேகமா மூச்சு விடறதாலயே அந்த மரத்துப்போறதெல்லாம் வருது. அது நடிப்பு இல்ல, ஒடம்புல நெசமாவே நடக்குது. ஆனா மொதல் தடவை வரும்போது டாக்டர்கிட்ட காட்டி நெஞ்சும் நுரையீரலும் நல்லாருக்கான்னு பாத்துட்டுத்தான் அது பயம்னு முடிவு பண்ணனும், நம்மளா முடிவு பண்ணக்கூடாது. அந்த விரல் மெசின் இருக்குதுல்ல, நகப்பூச்சு இருந்தாலோ விரல் ஜில்லுன்னு இருந்தாலோ தப்பா கொறச்சுக் காட்டும். கைய நல்லா தேய்ச்சுட்டு, அசையாம உக்காந்து, ஒரு நிமிசம் விட்டு பாக்கணும். 94க்கு கீழ நிஜமா நின்னா ஆஸ்பத்திரிக்கு வந்துரணும். அது இல்லைன்னா காலைல ஒருக்கா ராத்திரி ஒருக்கா பாத்தாப் போதும்னு அந்தப் புள்ளகிட்ட சொல்லுங்க, மெசின புடுங்காதீங்க, கொறச்சுட்டே வரணும். படபடப்பு வர்றப்ப மூச்ச மெதுவா இழுத்து, இழுத்தத விட நீளமா வெளிய விடச் சொல்லுங்க.

அயர்ன்காரருக்கு கோவிட் வந்துச்சான்னு கேளுங்க. வந்து ஆஸ்பத்திரில இருந்தவங்களுக்கு ஸ்டீராய்டு குடுத்துருப்பாங்க. அது உசுரக் காப்பாத்தற மருந்து, ஆனா தூக்கத்தக் கெடுக்கும், சிலருக்கு எரிச்சல், அழுகை, சிலருக்கு தலைகால் தெரியாத உற்சாகம்கூட வரும், சர்க்கரையும் ஏறும். அதனால அவரு மொதல்ல சுகர் பாக்கட்டும். மெடிக்கல் ஷாப்புல போயி சீட்டு இல்லாம தூக்க மாத்திரை வாங்கறத மட்டும் தடுத்துருங்க. அது வரைக்கும் அவர சூட்டுப் பெட்டில இருந்து எடுத்து பேக்கிங்ல போட முடிஞ்சா போடுங்க, கூலி கொறையாம.

எப்ப டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்னு கேட்டா, எங்க கணக்கு இதுதான்: ரெண்டு வாரமா அனேகமா எல்லா நாளும் மனசு கீழயே கெடக்குது, எதுலயும் புடிப்பில்ல, சாப்பாடு எறங்கல, தூக்கமில்ல, நான் ஒரு பாரம்னு பேசறாங்க அப்படின்னா காத்திருக்க வேண்டாம். அது சோம்பலும் இல்ல, செய்வினையும் இல்ல. மனச்சோர்வு மாத்திரை தூக்க மாத்திரை கெடையாது. அது வேலை செய்யவே ரெண்டுல இருந்து நாலு வாரம் ஆகும், நிறையப் பேரு ஒரு வாரம் போட்டுட்டு ஒன்னும் தெரியலைன்னு நிறுத்திடறாங்க. நல்லாயிருச்சுன்னு பட்டுனு நிறுத்தவும் கூடாது, டாக்டர்தான் கொறைக்கணும்.

இன்னொன்னு, எல்லாரும் கேக்கத் தயங்கறது. யாராச்சு "இருந்து என்ன பண்ணப் போறேன்"னு பேசினா, "சாகணும்னு தோணுதாங்க?"ன்னு நேராவே கேளுங்க. கேட்டா அந்த எண்ணத்த நாமளே கெளப்பி விட்ட மாதிரி ஆயிரும்னு பயப்படறோம், அப்படி ஆகாது. கேட்டவொடனே அவங்க மொகம் தளர்றத நான் எத்தனையோ தடவை பாத்துருக்கேன், அப்பாடா ஒருத்தர்கிட்டயாச்சு சொல்லலாம்னு. ஆமான்னு சொன்னா தனியா விடாதீங்க, வீட்டுல இருக்கற தோட்டத்துப் பூச்சி மருந்து, மாத்திரை எல்லாத்தையும் வேற வீட்டுக்கு மாத்தி பூட்டச் சொல்லுங்க, அன்னைக்கே கூட்டிட்டு வாங்க. போலீஸ் கேஸ் ஆகும்னு ஆஸ்பத்திரிக்கே வராத குடும்பம் இருக்குது. 2017 மனநலச் சட்டம் 115வது பிரிவுப்படி, அப்படி முயற்சி பண்ணவங்க கடும் மன அழுத்தத்துல பண்ணாங்கன்னுதான் எடுத்துக்கணும், தண்டிக்கக்கூடாது.

எங்க போறதுன்னா, எல்லா மாவட்டத்துலயும் மாவட்ட மனநலத் திட்டம் இருக்குது, ஜிஹெச்ல ஓபி சீட்டு போட்டாப் போதும், காசு கெடையாது. திருப்பூர்னா தாராபுரம் ரோடு ஜிஹெச். போக முடியலைன்னா 104ங்கற அரசு ஹெல்ப்லைனுக்கு போன் பண்ணுங்க, எந்நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். "மனசு டாக்டர்"னு சொல்லாதீங்க, "தூக்கத்துக்கு காட்டலாம் வாங்க"ன்னு சொல்லுங்க, வருவாங்க. அது பொய்யும் இல்ல.


சோமனூர்தறி | சோமனூர்

படிச்சேனுங்க. நர்ஸம்மா நல்லாத்தான் எழுதிருக்கறாங்க. ஆனா ஒரு விசயம் சொல்லோணும். எனக்கு அறுவது ஆச்சு, தறி குடோன்லயே வளந்தவன். பஞ்சம் பாத்துருக்கறோம், நூல் வெலை ஏறி ஊரே தறிய எடைக்குப் போட்டதப் பாத்துருக்கறோம். அப்பெல்லாம் யாரு மாத்திரை முழுங்குனா? வேலை குடுங்க, கூலியக் குடுங்க, மனுசன் தன்னால எந்திரிச்சுருவான். சும்மா உக்கார வெச்சு "உனக்கு என்ன கஷ்டம் உனக்கு என்ன கஷ்டம்"னு கேட்டுட்டே இருந்தா இல்லாத கஷ்டமும் வந்துரும். எங்கூட்டுல ஓட்டற பசங்கள தறி நின்ன நாள்லயும் வந்து சுத்தம் பண்ணு, எண்ணை போடுன்னு கூப்ட்டு பாதிக் கூலி குடுத்தேன், ஒருத்தனும் கெட்டுப் போகல.

தொழிலாளியப் பத்தி மட்டும் பேசறீங்களே, தறிக்காரனப் பத்தி யாரு பேசறது? எங்குளுக்கும் பாவு நூல் குடுக்கறவன் மேல இருக்கறான், கூலி அவன் வெச்சதுதான். பேங்க்ல தறி மேல கடன். சொந்தத் தறின்னு பேருதான், வெளிய சொல்லி அழுவறதுக்கும் மானம் விடறதில்ல.


வார்டுநர்ஸ் | ஈரோடு மாவட்டம்

சோமனூர் அய்யா, உங்க கடைசி ரெண்டு வரி இருக்குதுல்ல, அதுதானுங்க நான் சொல்லறதும். மானம் விடாம வெளிய சொல்லாம இருக்கறவங்கதான் எங்க வார்டுக்கு கடைசி நேரத்துல வர்றாங்க, அதுலயும் உங்க வயசு ஆம்பளைங்கதான் எச்சு. நீங்க பாதிக் கூலி குடுத்து கூப்ட்டது பெரிய விசயம், அது மருந்துக்கு சமம்னு நானும் சொல்லுவேன். ஆனா அந்தக் காலத்துல யாரும் கெட்டுப் போகலைன்னு சொல்லாதீங்க. கெணத்துல விழுந்தவங்கள வயித்து வலி தாங்காம விழுந்தாங்கன்னு சொன்ன ஊருங்க நம்முளது. நீங்க நல்லாத் தூங்கறீங்களா அய்யா? அத ஒருக்கா யோசிங்க.

குடி பத்தி எழுத விட்டுட்டேன். போன வருசம் மார்ச் கடைசில இருந்து மே மொத வாரம் வரைக்கும் டாஸ்மாக் மூடுனப்ப, தெனமும் குடிக்கறவங்க பட்டுனு நின்னாங்க. கை நடுக்கம், வேர்வை, தூக்கமில்ல, ரெண்டு மூணு நாள்ல சிலருக்கு வலிப்பு, யாரோ நிக்கறாங்க பூச்சி ஊருதுன்னு உளறல். பேய் புடிச்சிருச்சுன்னு மந்திரிக்க கூட்டிட்டுப் போனாங்க. அது உசுருக்கே ஆபத்து, உடனே ஆஸ்பத்திரில அட்மிட் பண்ணனும். மறுபடி எப்ப கடை மூடுனாலும் இத ஞாபகம் வெச்சுக்குங்க. சானிடைசர் குடிச்சவங்களையும் பாத்தோம். நிறுத்தணும்னு நெனைக்கறவங்க மருந்தோட நிறுத்தலாம், அதுவும் ஜிஹெச்லயே இருக்குது.


சங்கத்துக்காரன் | திருப்பூர்

அக்கா சொன்ன சனிக்கெழமைக் கணக்குதான் வேர். நர்ஸ் மேடம் சொன்ன வைத்தியமும் வேணும், ஆனா காசுப் பயம் கொறையாம எந்த மாத்திரையும் பாதிதான் வேலை செய்யும். சூப்பர்வைசர் தம்பி, உங்க கையில இருக்கறத சொல்றேன், தைரியக் கிளாஸுக்கு செலவு பண்றத விட இது ஆளுங்களுக்கு உதவும்.

மாசம் 21,000 வரைக்கும் சம்பளம் வாங்கற ஆளுக்கு ஈஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) புடிக்கணும், ஆள்கிட்ட 0.75 சதவீதம், கம்பெனி 3.25. புடிச்சா மட்டும் போதாது, ஆளுங்களுக்கு நம்பர் தெரியணும். அரை வருசக் கணக்குல 78 நாள் கட்டியிருந்தா, டாக்டர் லீவு சீட்டு குடுத்தா, சம்பளத்துல 70 சதவீதம் வருசத்துல 91 நாள் வரைக்கும் கெடைக்கும். காலு ஒடிஞ்சா மட்டும் இல்ல, மனசுக்கு முடியலைன்னு டாக்டர் எழுதிக் குடுத்தாலும் அது நோய் லீவுதான். இது நம்ம ஆளுங்கள்ல முக்காவாசிப் பேருக்கு தெரியாது. பவர்டேபிள்ல (கூலிக்கு தைச்சுக் குடுக்கற சின்ன யூனிட்ல) தைக்கறவங்களுக்கு ஈஎஸ்ஐயே இல்ல, அது தனிக் கொடுமை, அதுக்குத்தான் நாங்க தெருவுல நிக்கறோம்.

கட்டிங் மாஸ்டர் குடும்பத்துக்கு யாராச்சு பேப்பர் பாத்தீங்களா? இதத்தான் மொதல்ல பண்ணனும். அவருக்கு ஈஎஸ்ஐ இருந்துச்சுன்னா கோவிட்ல இறந்தவங்க குடும்பத்துக்கு சராசரிச் சம்பளத்துல 90 சதவீதம் மாசாமாசம் குடுக்கற திட்டம் இந்த 2021 ஜூன்ல வந்துருக்குது. பிஎஃப் (சேமநிதி) இருந்தா அதோட சேந்த இன்சூரன்ஸ்ல 7 லட்சம் வரைக்கும் வரும். அதுக்கு கம்பெனி கையெழுத்து போடணும், கோவிட் ரிப்போர்ட் வேணும், இறப்புச் சான்றிதழ்ல என்ன எழுதிருக்குதுன்னு பாக்கணும். இதெல்லாம் அந்தம்மா தனியா அலைய முடியாது. உங்க ஹெச்ஆர் ஒரு ஆள கூட அனுப்பி முடிச்சுக் குடுங்க. அவரு குடும்பத்துக்கு கம்பெனி செஞ்சுதுன்னு லைன்ல தெரிஞ்சாவே மத்தவங்களுக்கு பாதி தூக்கம் வந்துரும், "நாளைக்கு நான் போயிட்டா எங்கூட்டுல என்ன ஆகும்"ங்கற கேள்விதான் எல்லாரையும் முழிக்க வெச்சிருக்கு.

குழுக்கடன் விசயம். ரிசர்வ் பேங்க் விதிப்படி மைக்ரோபைனான்ஸ்காரங்க பொது எடத்துல கூடித்தான் வசூல் பண்ணனும். ரெண்டு தடவையோ அதுக்கு மேலயோ தொடர்ந்து அங்க வரலைன்னாத்தான் ஊட்டுக்கு வரலாம், அப்பவும் மிரட்டக்கூடாது. வாசல்ல உக்காந்துட்டு எந்திரிக்க மாட்டேங்கறது தப்பு. அப்படி யாராச்சு வந்தா போன்ல வீடியோ எடுங்க, எழுதி கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுங்க. பிஎஃப்ல கோவிட் முன்பணம் ரெண்டாவது தடவையும் எடுக்கலாம்னு இந்த 2021 மே கடைசில விட்டிருக்காங்க, கந்து வட்டிக்கு போறதுக்கு முன்னால அத எடுக்கச் சொல்லுங்க.


மில்லுபொண்ணு | உடுமலை பக்கம்

நானும் ஒன்னு சொல்லலாமாங்க? பனியன் கம்பெனிப் பத்தியே பேசறீங்க. ஸ்பின்னிங் மில் ஹாஸ்டல்ல இருந்த புள்ளைங்களப் பத்தி யாரும் எழுதல. நான் போன வருச லாக்டவுன்ல ஒரு மில்லு ஹாஸ்டல்ல இருந்தேன். மார்ச் 24 ராத்திரி டிவில சொன்னாங்க, அடுத்த நாள்ல இருந்து கேட்டு மூடியாச்சு. ஊட்டுக்கு போலாமான்னு கேட்டா பஸ் இல்ல, நோய் தொத்திரும்னாங்க. சரி இருக்கலாம், ஆனா போனு வாரத்துல ஒரு நாள்தான், அதுவும் வார்டன் பக்கத்துல நிப்பாங்க. எங்கம்மாவுக்கு என்ன ஆச்சு, தம்பிக்கு என்ன ஆச்சுன்னு தெரியாம படுத்துருக்கறது இருக்குதே, அத எப்படிச் சொல்றது. ராத்திரி ஒரு புள்ள அழ ஆரம்பிச்சா ரூம்பே அழுவும். ஒரு புள்ளைக்கு திடீர்னு கை கால் வெட்டி வெட்டி இழுத்துச்சு, டாக்டர் வந்து பாத்துட்டு வலிப்பு இல்ல, மனசுல இருந்து வர்றதுன்னு சொன்னாரு, வார்டன் அதக் கேட்டுட்டு "நடிக்கறியா"ன்னு திட்டினாங்க. அதுக்கப்பறம் ரெண்டு மூணு புள்ளைங்களுக்கு வந்துச்சு.

மில்லு வெச்சிருக்கறவங்க யாராச்சு இதப் படிச்சா, தெனமும் பத்து நிமிசம் வீட்டுக்கு போன் பேச விடுங்க, பக்கத்துல யாரும் நிக்காம. வேற எதுவும் கேக்கல. எங்க ஹாஸ்டல்ல பின்னால அத விட்டாங்க, அந்த கை கால் இழுக்கறது அதோட நின்னு போச்சு.


வார்டுநர்ஸ் | ஈரோடு மாவட்டம்

அம்மணி, நீ எழுதுனதுக்கு ரொம்ப நன்றி கண்ணு. அது நடிப்பு இல்ல. வாயால சொல்ல வழியில்லாதப்ப ஒடம்பு சொல்லுது. இன்னும் மனசுல கெடந்து உறுத்துதுன்னா 104ல பேசு, ஒரு தடவைல சரியாகலைன்னா மறுபடி பேசு.


லைன்சூப்பர்வைசர் | திருப்பூர் | ஆகஸ்ட் 2021

எல்லாருக்கும் நன்றிங்க. நடந்தத சொல்லிடறேன். மொதலாளிகிட்ட இந்தப் பேச்ச அப்படியே படிச்சுக் காட்டினேன், சங்கத்து அண்ணன் பேரு வந்த எடத்துல கொஞ்சம் மூஞ்சி சுளிச்சாரு, ஆனா கேட்டாரு. கட்டிங் மாஸ்டருக்கு படம் வெச்சோம். மெசினெல்லாம் நிறுத்தி, ஷிப்ட் கூலி கொறைக்காம, எல்லாரும் ஒருக்கா பூ போட்டாங்க. புது மாஸ்டரும் வந்து போட்டாரு, அதுக்கப்பறந்தான் எங்காளுங்க அவருகிட்ட பேச ஆரம்பிச்சாங்க. ஹெச்ஆர் தம்பி அவங்கூட்டம்மாவோட ஈஎஸ்ஐ ஆபீஸுக்கும் பிஎஃப் ஆபீஸுக்கும் போயிட்டு வந்துட்டு இருக்கறான், பேப்பர் நகருது. இறப்புச் சான்றிதழ்ல நிமோனியான்னு மட்டும் போட்டுருக்குது, அதான் இழுக்குது. இதுக்கு என்ன பண்றதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

அயர்ன் அண்ணனுக்கு சுகர் பாத்தோம், எக்கச்சக்கமா இருந்துச்சு. இப்ப மருந்து எடுக்கறாரு, தூக்கம் கொஞ்சம் பரவால்ல. செக்கிங் புள்ள ஜிஹெச்சுக்கு அவங்கம்மாவோட போயிட்டு வந்துச்சு. ஓவர்லாக் அக்காதான் இன்னும் யாருகிட்டயும் வாயத் தொறக்கல. கூட இருக்கறவங்கள பக்கத்து மெசினுக்கு மாத்திப் போட்டிருக்கேன். சாப்பாட்டு நேரம் எச்சு கேட்டது மட்டும் ஷிப்மெண்ட் முடியட்டும்னு சொல்லிட்டாரு, நான் விடறதா இல்ல.


சங்கத்துக்காரன் | திருப்பூர்

சான்றிதழ் விசயத்துல விட்டுறாதீங்க. ஆஸ்பத்திரி கேஸ் ஷீட்டு, டெஸ்ட் ரிப்போர்ட்டு, சிடி ஸ்கேனு எல்லாத்தையும் நகல் வாங்கி பத்திரமா வைங்க, எந்தத் திட்டத்துக்கும் அதுதான் ஆதாரம். ஜூன் 30ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு கோவிட் இறப்புச் சான்றிதழ எளிமையா குடுக்கவும் திருத்தவும் வழி பண்ணுங்கன்னு சொல்லிருக்குது. அந்த உத்தரவ வெச்சு மனு எழுதுங்க, என்கிட்ட ஒரு மாதிரி இருக்குது, தனிச் செய்தில அனுப்பறேன்.


ஹாஸ்டல்இன்சார்ஜ் | திருப்பூர் | 2023

பழைய பேச்சுங்க, ஆனா தேடறப்ப இன்னும் இதுதான் மொதல்ல வருது, அதனால ரெண்டு விசயம் சேத்துடறேன். நான் வடக்கத்திப் பசங்க தங்கற ஹாஸ்டல் பாத்துக்கறேன், பீகார், ஒடிசா, ஜார்கண்ட் பசங்க. மேல யாரும் இவங்களப் பத்தி எழுதல. 2020ல இவங்களுக்கு வேலையும் இல்ல, ஊருக்கு போகவும் வழியில்ல, ஊர்ல அப்பா செத்தா போன்ல வீடியோ கால்ல பாத்து அழுதாங்க. இந்த மார்ச்சுல, வடக்கத்தி ஆளுங்கள அடிக்கறாங்கன்னு பொய் வீடியோ பரவுச்சே, அப்ப அந்த பழைய பயமெல்லாம் ஒரே ராத்திரில திரும்பி வந்துருச்சுங்க. ஆக்டிங் இல்ல, பசங்க சோறு திங்காம பைய கட்டிட்டு உக்காந்துருந்தாங்க. நான் அவங்களோடவே பாய் போட்டுப் படுத்தேன், ஊர்ல இருக்கற அவங்கப்பா அம்மாகிட்ட நானே எனக்குத் தெரிஞ்ச அரைகொறை ஹிந்தில பேசினேன்.

இப்ப 104 தவிர 14416னு ஒரு நம்பர் இருக்குது, டெலி மானஸ்னு பேரு, 2022 அக்டோபர்ல வந்துச்சு, எந்நேரமும் எடுப்பாங்க, காசு கெடையாது. தமிழ் மட்டும் இல்ல, ஹிந்தி, ஒடியா, வங்காளம்னு பாஷை மாத்திப் பேசலாம், அதுதான் எங்க பசங்களுக்கு பெரிய உதவி. ஆபீஸ் ரூம் வாசல்ல நோட்டீஸ் ஒட்டினா எல்லாரு முன்னாலயும் நின்னு யாரும் நம்பர் எழுதிக்க மாட்டாங்க. நான் பாத்ரூம் கதவுக்கு உள்பக்கம் ஹிந்திலயும் ஒடியாலயும் தமிழ்லயும் எழுதி ஒட்டிருக்கேன். கம்பெனில ஒட்டறவங்களும் அங்கயே ஒட்டுங்க, பொம்பளைங்க பக்கமும் மறக்காம.